மலை வீட்டில் முட்டையை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா?

கேள்வி இதுதான். சமவெளியிலிருந்து குன்னூருக்குக் குடிவந்த நான்கு பேர் குடும்பம். இரண்டு வாரத்துக்கு ஒரு அட்டை, அதாவது 30 முட்டை வாங்குகிறார்கள். கீழே இருந்தவரை ஃப்ரிட்ஜில் வைத்தே பழக்கம். இங்கே கடைக்காரரும் வெளியில்தான் அடுக்கி வைத்திருக்கிறார். ஊரே குளுகுளுவென்று இருக்கும்போது முட்டைக்கு எதற்குத் தனியாகக் குளிர் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். வெளியில் வைத்துப் பார்த்தால் மழை மாதத்தில் ஓட்டில் கரும்புள்ளி விழுகிறது. எது சரி?

முதலில் நேரடியான பதில். கழுவாத, கீறல் விழாத முட்டை, அதை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவீர்கள், வைக்கும் இடம் 20 டிகிரியைத் தாண்டாது, ஈரம் தட்டாது என்றால் வெளியில் வைக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஃப்ரிட்ஜ்தான். வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, வயதானவரோ, நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிய அன்றே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஒருமுறை உள்ளே வைத்ததைத் திரும்ப வெளியில் எடுத்து அடுக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

காரணம் தெரிந்தால் மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். முட்டை ஓடு பார்க்கத்தான் கல் மாதிரி. அதில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்து சேரும்போது பலூன் போல உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே வண்டியில் வந்த முட்டைக்குள்ளும் காற்றறை உண்டு, ஆனால் முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்று அந்தத் துளைகள் வழியாக வெளியேறி அழுத்தத்தைச் சரிசெய்துகொள்கிறது. காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும், வாசனையும் போகும், கிருமியும் போகும். அதைத் தடுக்க, கோழி முட்டையிடும்போதே ஓட்டின் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று படிந்து காய்கிறது. கழுவாத முட்டை வெளியில் தாங்குவதற்கு முக்கியக் காரணம் அந்தப் பூச்சுதான்.

முட்டை கெடுவது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, பழசாவது. இட்ட நாளிலிருந்தே முட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அதனால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறுகிறது, அதைக் காட்டும் பிஹெச் அளவு 7.6 வாக்கில் இருந்தது 9-ஐத் தாண்டுகிறது. கெட்டியான வெள்ளைக்கரு நீர்த்து, உடைத்து ஊற்றினால் தட்டு முழுக்க ஓடுகிறது. நீரும் ஆவியாவதால் மழுங்கிய பக்கத்துக் காற்றறை பெரிதாகிறது. இது சுவைக்கும் தோற்றத்துக்கும்தான் குறை, உடம்புக்கு ஆகாதது என்று இல்லை. வெப்பம் ஏற ஏற இந்த மாற்றம் வேகமாக நடக்கும். சமவெளிக் கோடையில் ஒரு நாளில் ஆகும் பழசு, ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் ஆனாலும் ஆகாது. ஊட்டி, கொடைக்கானல் வீட்டு அறைகள் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன.

இரண்டாவது, கிருமி. முட்டையில் பயப்பட வேண்டியது, உணவை நஞ்சாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு. ஓட்டில் ஒட்டிய எச்சத்திலிருந்து உள்ளே போகலாம். கோழிக்கே தொற்று இருந்தால் ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் இருக்கலாம். அப்படி இருக்கும் முட்டை மிகக் குறைவு, ஆனால் பார்வைக்கும் வாசனைக்கும் அது நல்ல முட்டையாகவே இருக்கும். வெள்ளைக்கருவில் கிருமியைக் கொல்லும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுக் கிருமியைப் பட்டினி போடும் புரதமும் இருக்கிறது. அதனால் புது முட்டையில் ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும் பெருக வழியில்லை. நாள் ஆக ஆக மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்கிறது. அதிலிருந்து சத்து கசிந்ததும் கிருமிக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. அறை 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தச் சவ்வு வாரக்கணக்கில் தாங்கும். 30 டிகிரியில் சீக்கிரம் தளர்ந்துவிடும். 7 டிகிரிக்குக் கீழே சால்மொனெல்லா பெருகுவது ஏறக்குறைய நின்றுபோகிறது. ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது. அதுதான் அதன் வேலை.

அமெரிக்காவில் கட்டாயம் ஃப்ரிட்ஜ், ஐரோப்பாவில் கடை அலமாரியிலேயே வைக்கிறார்கள் என்று காணொளிகளில் சொல்வார்கள். இரண்டும் உண்மை. அமெரிக்காவில் பண்ணை முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். பூச்சு போய்விடுவதால் சுமார் 7 டிகிரிக் குளிரிலேயே கொண்டுவருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாகக் கழுவக் கூடாது, இட்டதிலிருந்து 28 நாள் வரை கெடு போடுகிறார்கள். பிரிட்டனில் கோழிகளுக்கு சால்மொனெல்லா தடுப்பூசியும் பரவலாகப் போடுகிறார்கள். நமக்கு நாமக்கல்லிலிருந்து வருவது பெரும்பாலும் கழுவாத முட்டை. அந்த மட்டில் ஐரோப்பா மாதிரி. ஆனால் அங்கே ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, நமக்கு இல்லை. கடைக்கு வருவதற்குள் அது பண்ணையில் சில நாள், மொத்த வியாபாரியிடம் சில நாள், கீழ்நாட்டு வெயிலில் லாரியில் கொஞ்ச நேரம் என்று கழித்துவிட்டுத்தான் வந்திருக்கும். அதனால்தான் 28 நாள் என்று சொல்லாமல் வாங்கியதிலிருந்து இரண்டு வாரம் என்று சொல்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் பெட்டியில் அடைத்து, பளிச்சென்று ஒரே நிறத்தில் வரும் முட்டைகளில் சில கழுவப்பட்டவை. பெட்டியில் அப்படி எழுதியிருந்தாலும், தொட்டால் ஓடு அளவுக்கு மீறி வழவழவென்று இருந்தாலும் அதை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

மலை என்றால் எல்லா இடமும் ஒரே குளிர் இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல். ஏப்ரல், மே மாதத்திலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரி வரைதான் போகும். இரவு நன்றாக இறங்கிவிடும். வீட்டுக்குள் நிழலான அலமாரியில் 16, 18 டிகிரி என்று இருக்கும். கொடைக்கானலை அடுத்த பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் ஏறத்தாழ இப்படியே. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரியும் கிட்டத்தட்ட அந்த உயரம்; மார்ச் முதல் மே வரை பகலில் 25 டிகிரியை எட்டும் நாள்கள் உண்டு. அந்த மூன்று மாதம், உங்கள் அலமாரி 20 டிகிரிக்குள் இருந்தாலும், நீங்கள் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியில் வைத்து, மீதியை முதல் நாளிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. கூடலூர் 1,000 மீட்டர் சொச்சம்தான்; பந்தலூர், தேவாலா, பழனி மலையில் கீழ்ப்பகுதியான தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகியவை மேல்மலை போலக் குளிராதவை. அங்கே கோடையில் முட்டையை வெளியில் விடாதீர்கள்.

ஊரின் வெப்பநிலையை விட உங்கள் அலமாரியின் வெப்பநிலைதான் முக்கியம். தகரக் கூரை வீடுகளில் பரண் மதிய நேரத்தில் கொதிக்கும். மலை வெயில் குளிர்காற்றில் உறைக்காததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. விறகு அடுப்புக்கு மேலுள்ள தட்டு, கேஸ் அடுப்பை ஒட்டிய மேடை, கனப்பு மூட்டும் அறை, ஃப்ரிட்ஜின் தலை (பின்புறத்துச் சூடு மேலேதான் ஏறும்), மேற்கு ஜன்னல் விளிம்பு, இவையெல்லாம் வேண்டாம். தரையும் வேண்டாம், சிமெண்டுத் தரை மழை மாதத்தில் கசியும். வடக்குச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில், வெயில் படாத, கொஞ்சம் காற்றோடும் தட்டு சரியான இடம். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அங்கே இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது. அதிகபட்சம் 20-ஐத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள்.

இப்போது உங்கள் கரும்புள்ளிக்கு வருகிறேன். மலையில் முட்டைக்கு எதிரி வெயிலை விட ஈரம். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றில் ஈரப்பதம் நாள்கணக்கில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் நிற்கும். தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும் அதே காற்று முட்டை ஓட்டையும் விடாது. காய்ந்த ஓட்டில் பூஞ்சைக்கு வேலையில்லை. ஈரம் தங்கினால் முதலில் மெல்லிய வெள்ளை நூல் போலவும் பிறகு கரும்புள்ளியாகவும் படரும். அதன் இழைகள் துளை வழியாக உள்ளே போய், ஓட்டின் உட்பக்கச் சவ்விலும் புள்ளி வைக்கும். அதனால் மேலே துடைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். புள்ளி விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவற்றை அன்றோ மறுநாளோ நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடுங்கள்.

பூஞ்சை பெரும்பாலும் முட்டையில் தொடங்குவதில்லை, அட்டையில் தொடங்குகிறது. காகிதக்கூழ் அட்டை ஈரத்தை உறிஞ்சும். நான்கைந்து நாளில் தொட்டால் நமுத்துப்போய்த் தெரியும். மழை மாதத்தில் அந்த அட்டையிலேயே முட்டையை விட்டுவைத்தால் ஒவ்வொரு முட்டையும் ஈரக் குழியில் உட்கார்ந்த கதைதான். பிளாஸ்டிக் பை தடை இருப்பதால் இங்கே பல கடைகளில் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். மூடுபனியில் நடந்து வீடு வருவதற்குள் அதுவும் ஈரமாகிவிடும். வந்ததும் காகிதத்தைப் பிரித்துவிடுங்கள். கடை அட்டையைச் சமையலறைக்குள் குடிவைக்காதீர்கள். அது பல கைமாறியது, அடியில் கோழி எச்சமும் உடைந்த முட்டையின் ஒழுகலும் காய்ந்திருக்கும். வீட்டுக்கென்று ஒரு பிளாஸ்டிக் ட்ரேயோ கம்பிக் கூடையோ வைத்துக்கொண்டு அதில் மாற்றுங்கள். மாற்றியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கம்பிக் கூடை என்றால் காற்று எல்லாப் பக்கமும் போகும், மழை மாதத்துக்கு அதுவே மேல்.

மாற்றும்போதே கீறலையும் பார்த்துவிடலாம். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வருவதால் மயிரிழைக் கீறல் இங்கே சகஜம். இரண்டு முட்டையை லேசாக ஒன்றோடொன்று தட்டினால் நல்லது டிக் என்று கணீரென ஒலிக்கும், கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் என்றால் இருட்டில் செல்போன் டார்ச்சை மழுங்கிய பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கீறல் வெளிச்சக் கோடாகத் தெரியும். உள்சவ்வு கிழியாத கீறல் என்றால் அன்றே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். கசிவு இருந்தால் வேண்டாம். சரியானவற்றில் வாங்கிய தேதியைப் பென்சிலால் எழுதி, கூர்முனை கீழே இருக்குமாறு அடுக்குங்கள். காற்றறை மேலே நின்றால் மஞ்சள்கரு நடுவிலேயே இருக்கும். தலைகீழாக வைத்தால் அது நாளடைவில் நடுவிலிருந்து விலகும்.

ஈரத்தின் இன்னொரு முகம், முட்டை வேர்ப்பது. ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த முட்டையை 17 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் எடுத்து வைத்தால், சில நிமிடத்தில் ஓட்டில் முத்து முத்தாய் நீர் கோக்கும். அந்தக் காற்று 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே நீரை விடத் தொடங்கிவிடும். முட்டையோ அதற்கும் பத்து டிகிரி கீழே இருக்கிறது. ஓட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்த கிருமிக்கு அந்த நீர்தான் உள்ளே போகும் பாதை. திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது அந்த நீரை உள்ளே இழுக்கவும் செய்யும். அட்டை முழுவதையும் வெளியே எடுத்து வைத்து, இரண்டு முட்டையை உடைத்துவிட்டு, அரை மணி கழித்து மீதியை உள்ளே தள்ளுவது இங்கேயும் மோசமான பழக்கம்தான். ‘ஊர்தான் குளிராக இருக்கிறதே’ என்ற நினைப்பில் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். வேண்டிய முட்டையை மட்டும் எடுங்கள், கதவை மூடுங்கள். எடுத்தது வேர்த்துவிட்டால் துடைத்து வைக்காமல் அந்த வேளையிலேயே சமைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் முட்டையைக் கோவைக்கோ வத்தலக்குண்டுக்கோ எடுத்துப்போனாலும் இதே கதை, இன்னும் அதிகமாக. கீழிருந்து மேலே கொண்டுவரும் முட்டை வேர்ப்பதில்லை, காற்றை விட அது சூடாக இருப்பதால்.

கழுவுவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் அது கூடுதலாகக் கெடுதல். கழுவினால் மேல்பூச்சு போகும் என்பது எங்கும் உள்ளது. இங்கே தண்ணீரின் குளிர் சேர்ந்துகொள்கிறது. ஜனவரியில் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அதில் முட்டையை முக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளைக்கருவும் காற்றும் சட்டென்று சுருங்கி, ஓட்டின் துளை வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அழுக்கோடு சேர்த்து. தொழில்முறையில் கழுவும் அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் குறைந்தது 32 டிகிரியும், முட்டையை விடக் குறைந்தது 11 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் கோழிக் கூண்டிலிருந்து எடுத்த, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுவது இதற்கு நேர்மாறு. கடை முட்டையைக் கழுவவே வேண்டாம். நாட்டு முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த தேங்காய் நாராலோ முரட்டுத் துணியாலோ அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுங்கள். ரொம்ப அப்பியிருந்தால் அதை முதலில் சமைத்துவிடுங்கள்; சமைப்பதற்குச் சற்று முன் வெந்நீரில் கழுவுவதில் தவறில்லை. முட்டை அழுக்காகவே வருகிறது என்றால் குறை கூண்டில்தான். மழை மாதத்தில் முட்டையிடும் பெட்டியில் காய்ந்த புல்லோ மரச்சீவலோ வாரம் ஒருமுறை மாற்றி, காலை ஒன்று மாலை ஒன்று என இருமுறை முட்டை எடுத்தால் கழுவும் பேச்சே வராது.

ஃப்ரிட்ஜில் வைப்பது என்று முடிவு செய்தால், கதவில் கொடுத்திருக்கும் முட்டைக் குழிகளை மறந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வெப்பம் அதிகம் ஏறி இறங்கும் இடம் கதவு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக் காற்று முதலில் படுவதும் அங்கேதான். சாத்தும்போது குலுங்கவும் செய்யும். நடுத்தட்டில் உள்பக்கமாக, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மூடி எதற்கு என்றால் வாசனைக்கு. ஓட்டின் துளை வழியாக முட்டை வாசனையைப் பிடித்துக்கொள்ளும். உரித்த மலைப்பூண்டும் கருவாடும் ஒரே தட்டில் இருந்தால் ஒரு வாரத்தில் ஆம்லெட்டில் தெரியும். வெளியில் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். நீலகிரித் தைல பாட்டில், மண்ணெண்ணெய், சாம்பிராணி இருக்கும் அலமாரியில் முட்டை வேண்டாம். நடுத்தட்டில் 4 டிகிரி வாக்கில் வைத்தால் நான்கு வாரம் தாராளமாக நிற்கும்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் உறைபெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில் வைக்காதீர்கள். வெள்ளைக்கரு சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே உறையும். உறைந்து விரிந்தால் ஓடு வெடிக்கும். இது மலையில் குளிர்காலத்தில்தான் அதிகம் நடக்கிறது. நம்மூர்க் கடைகளில் விற்கும் ஃப்ரிட்ஜ்கள் பொதுவாக 16 முதல் 43 டிகிரி வரையுள்ள அறைக்காகச் செய்யப்பட்டவை. பின்பக்கத் தகட்டில் ‘டி’ (T) என்று ஒற்றை எழுத்தாக வகுப்பு போட்டிருக்கும். டிசம்பர், ஜனவரி இரவில் ஊட்டிச் சமையலறை 10 டிகிரிக்கு இறங்கும்போது, உள்ளே போதிய குளிர் இருக்கிறது என்று தெர்மோஸ்டாட் நினைத்துக்கொள்ளும், கம்ப்ரசர் ஓடுவதே அரிதாகும். ஐஸ் இளகுகிறதே என்று குமிழை உச்சத்துக்குத் திருப்புவோம். பகலில் வெயில் வந்து கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் மேல்தட்டு உறைநிலைக்குப் போய்விடும். குளிர்காலத்தில் குமிழை நடுவுக்குக் கீழேயே வையுங்கள். உறைபெட்டியில் கறி, மீன் வைத்திருந்தால் அது வேறு பிரச்சினை. முட்டையைப் பொறுத்தவரை 8, 9 டிகிரி ஒன்றும் ஆபத்தில்லை.

குளிர்காலத்தில் கரண்ட் மிச்சம் என்று ஃப்ரிட்ஜையே அணைத்துவிட்டு, அதை மூடிய அலமாரியாகப் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. முட்டை வைக்க அதை விட மோசமான இடம் கிடையாது. காற்றோட்டம் இல்லை, ஈரம் வெளியேற வழியில்லை, பத்து நாளில் ரப்பர் விளிம்பிலிருந்து பூஞ்சை தொடங்கும். அணைப்பதானால் காலிசெய்து, துடைத்துக் காயவைத்து, கதவிடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகித் திறந்தே வையுங்கள். முட்டை கம்பிக் கூடைக்குப் போகட்டும்.

மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம்தான். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை கவலையில்லை, மலைக் குளிரில் இன்னும் கூடத் தாங்கும். ஒரு நாளுக்கு மேல் போனால் முட்டை மெல்ல மெல்ல அறை வெப்பத்துக்கு வந்திருக்கும். தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் அதை ஒரு வாரத்துக்குள், முழுக்க வேகவைத்துத் தீர்த்துவிடுங்கள்.

தவிட்டிலும் அரிசியிலும் புதைத்து வைக்கும் பழக்கம் பற்றியும் கேட்பார்கள். காய்ந்த மாதத்தில் சரிதான், முட்டை ஆடாமல், வெப்பம் சட்டென்று ஏறி இறங்காமல் இருக்கும். மழை மாதத்தில் தவிடே ஈரம் பிடித்து வண்டும் பூஞ்சையும் வைக்கும். ஓட்டில் எண்ணெய் தடவினால் வாயு வெளியேறுவது குறைந்து வெள்ளைக்கரு அதிக நாள் கெட்டியாக இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்தில் தீரும் அட்டைக்கு அந்த மெனக்கெடல் எதற்கு?

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வயதைச் சொல்லும், வேறெதையும் சொல்லாது. படுத்தால் புதிது, சாய்ந்து நின்றால் ஒரு வாரம் பத்து நாள், செங்குத்தாக நின்றால் பழசு, மிதந்தால் வேண்டாம். சால்மொனெல்லா உள்ள முட்டையும் சமர்த்தாய்ப் படுத்துக்கொள்ளும். இந்தச் சோதனையில் ஓடு நனைகிறது என்பதால் சமைக்கப்போவதை மட்டும் போட்டுப் பாருங்கள். முப்பதையும் முக்கி எடுத்துத் திரும்ப அடுக்கினால் சோதனையே கெடுத்துவிடும். கூமுட்டை என்றால் உடைத்த நொடியில் மூக்கு சொல்லிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு மாவில் ஊற்றுங்கள், ஒன்று கெட்டு மற்ற ஐந்தையும் பாழாக்காது.

வெளியில் வைத்த முட்டையை எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது. மஞ்சள்கரு கெட்டியாகும் வரை வேகவைப்பவர்களுக்கு இரண்டு வாரக் கணக்கு பொருந்தும். ஆஃப் பாயில் பிரியர்கள் ஃப்ரிட்ஜில் வைத்ததை, வாங்கிய முதல் வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பது நம் பக்கம் இன்னும் இருக்கிறது. சத்து வேகவைத்தாலும் பெரிதாகக் குறையாது, வெள்ளைக்கருவின் புரதம் வெந்தால்தான் நன்றாகச் செரிக்கும். பச்சையாகக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்ததும் இந்தக் கிருமிகளுக்குப் பயந்துதான். வீட்டில் மிக்ஸியில் அடிப்பதற்கும் அதே ஆபத்து உண்டு.

வேகவைக்கும் நேரம் இங்கே மாறும். உயரம் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். மஞ்சள்கரு 70 டிகிரியைத் தொட்டால் போதும் என்பதால் பயமில்லை, ஆனால் கீழே பத்து நிமிடத்தில் வெந்தது இங்கே 12, 13 நிமிடம் கேட்கும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராகப் போடுவதானால் இன்னொரு நிமிடம் கூட்டுங்கள். வெடிக்காமல் இருக்கப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அவித்த முட்டைக்கு மேல்பூச்சு கிடையாது. ஊர் குளிர் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், உரிக்காமல் வைத்தால் ஒரு வாரம் வரும். ஓடு பிய்ந்து பிய்ந்து வந்தால் முட்டை ரொம்பப் புதிது என்று அர்த்தம். அவிக்க ஒரு வாரப் பழசுதான் தோது.

டிசம்பரில் கேக் செய்பவர்களுக்கு ஒன்று. குறிப்புகளில் ‘முட்டை அறை வெப்பத்தில் இருக்கட்டும்’ என்று எழுதியிருப்பது 21 டிகிரிக்கு மேலுள்ள அறையை நினைத்து. உங்கள் அறை 12 டிகிரி என்றால் ராத்திரி முழுக்க வெளியில் வைத்தாலும் பலன் இல்லை. வெண்ணெயோடு சேர்க்கும்போது திரியும், அடித்தால் நுரை சரியாக ஏறாது. உடைப்பதற்குப் பத்து நிமிடம் முன், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்து உடனே உடையுங்கள்.

அடை வைக்கப் பொறுக்கி வைக்கும் முட்டைக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அதை ஃப்ரிட்ஜில் வைத்தால் கரு செத்துப்போகலாம். 15 முதல் 18 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம், கூர்முனை கீழே, இதுதான் பொரிப்பகங்களில் முட்டையை வைத்திருக்கும் முறை. மேல்மலை வீட்டு அலமாரி செலவில்லாமல் அதைத் தருகிறது. 21 டிகிரி வாக்கில் கரு வளரத் தொடங்கிவிடும் என்பதால் கூடலூர்க் கோடையில் நாட்டுக்கோழி முட்டையை நாலைந்து நாள் வெளியில் விட்டு உடைத்தால் ரத்த இழை தெரியலாம், ஊட்டியில் தெரியாது. சேர்க்கும் நாள்களில் தினமும் ஒருமுறை கூடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வைத்து, ஏழு நாளைக்குள் கோழிக்கு அடியில் வைத்துவிடுங்கள். பத்து நாளைத் தாண்டினால் பொரிக்கும் எண்ணிக்கை சரியத் தொடங்கும்.